ஓடைக்குப் போன கடல் மீன்கள்

பாப்பாத்தி கடலைப் பார்த்ததில்லை. மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டை விட்டுக் கீழே இறங்கியதே நாலைந்து தடவைதான். ஆனாலும் காப்பித் தோட்டத்துப் பங்களாவில் இரண்டு கடல் மீன்களை ஆறு வருஷம் வளர்த்தாள். வளர்த்தது முதலாளி என்றுதான் ஊர் சொல்லும். அவர் வாங்கி வைத்தார், அவ்வளவுதான். பீப்பாய் பீப்பாயாகத் தலைச்சுமையில் மலையேறிய கடல் தண்ணீரை ஊற்றியவளும், கண்ணாடித் தொட்டியில் பாசி வழித்தவளும், இறாலை நசுக்கிப் போட்டவளும் இவள்தான்.

பிள்ளை இல்லை என்று சொல்லிச் சொல்லியே புருஷன் காத்தான் வேறொருத்தியோடு எடப்புளி நாட்டுக்குப் போய்விட்டான். அதன்பின் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த இரண்டும்தான் அவளுக்குக் கண்ணு, சாமி எல்லாம். கண்ணாடியில் விரலை வைத்தால் ஓடி வரும்.

அறுபத்து நாலாம் வருஷம் முதலாளி பங்களாவை விற்றார். தொட்டியின் மின்சாமான்களைக் கழற்றி வர நாமக்கல்லிலிருந்து அர்த்தனாரி என்ற வயர்மேனை அனுப்பினார். தண்ணீரைச் சூடாக்கும் குழாய் பழசாகி மின்சாரம் கசிகிறது, ஆளைத் தூக்கிவிடும், பத்திரம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுஷனா அவர்?

அர்த்தனாரி நிதானமானவர். முதலில் கொட்டகைக்குப் போய், பங்களாவுக்கு மின்சாரம் கொடுத்த டீசல் எஞ்சினை நிறுத்தினார். ஈரமில்லாத கையால் சுவரிலிருந்த பிளக்குகளைப் பிடுங்கினார். சூட்டோடு எடுத்தால் விரிசல் விடும் என்று குழாயைத் தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்டார். பிறகு அதையும் காற்றூதும் மோட்டாரையும் துடைத்து, உப்புப் பூத்த வயர்களைச் சுருட்டி, வைக்கோல் போட்ட பெட்டியில் அடுக்கினார். ஒன்றுக்கும் சேதமில்லை. தொட்டியில் குமிழி நின்றுபோனதால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பாப்பாத்தி அவற்றைத் தொட்டித் தண்ணீரோடு பானையில் எடுத்துக்கொண்டாள். அறப்பளீஸ்வரர் கோயில் ஓடையில் விடப்போவதாகச் சொன்னாள். அங்கே மீனை யாரும் பிடிப்பதில்லை, பொரி போட்டுக் கும்பிடுவார்கள்.

அர்த்தனாரி தயங்கினார். "அது கடல் மீனுங்கம்மா. நல்ல தண்ணியில பொழைக்காதுங்க."

"அறுத்துக் கொழம்பு வெச்ச மீனையே பொருத்தி ஓடையில உட்ட சாமிங்க அது. இதுகளயா உட்டுரும்?"

பானையிலும் அவை அதிக நேரம் தாங்காது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

குலுங்கக் கூடாது என்று பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடந்தாள். ஓடையில் இறங்கி, மடியில் முடிந்து வந்த உப்பை முதலில் கரைத்தாள். ஓடுகிற தண்ணீர் அதை நிற்க விடவில்லை. பிறகு பானையைச் சாய்த்தாள். இரண்டும் எங்கேயும் போகாமல் அவள் உள்ளங்கைக்கே திரும்பி வந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று சாய்ந்தது. பின்னாலேயே மற்றதும்.

முந்தானையில் ஏந்திக்கொண்டு கோயில் வாசலில் வந்து உட்கார்ந்தாள். பூசாரி எழுந்து போகச் சொல்லியும் எழவில்லை. பொழுது இறங்கும்வரை துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"நான் அறுக்கக்கூட இல்லீங்களே சாமி," என்றாள். "முழுசாத்தான கொண்டாந்தேன்."