மாமனார் முகத்தில் மூன்று கறுப்பு

கறுப்புன்னா கறுப்புதானே என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வீட்டு பிரிண்டரில் போட்டுப் பாருங்கள், தெரியும். சாயத்தில் செய்த இங்க் முதல் நாள் பளபளவென்று இருக்கும், வெயில் பட்டால் பல்லிளித்துவிடும். கரித்தூளில் செய்தது லேசில் அசையாது. கடைக்காரர் என்னவோ, எல்லாமே காலத்துக்கும் நிக்கும் சார் என்றார். அதை நம்ப நான் என்ன இளிச்சவாயனா?

மூன்று விதமான கறுப்பு இங்க் வாங்கி, ஒரே படத்தை மூன்றிலும் போட்டேன். ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்பு சார்ட் பேப்பரால் மூடி, எங்கள் தாம்பரம் வீட்டு ஹால் ஜன்னலில், மேற்கு வெயில் கொளுத்துகிற கண்ணாடியில் ஒட்டினேன். படம் என் மாமனாருடையது. அப்போதே அவருக்கு நெஞ்சு வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வெள்ளை முடி, கறுத்த புருவம், கன்னம் முழுக்கச் சுருக்கம். வேண்டிய ஷேடெல்லாம் அந்த ஒரே முகத்தில் இருந்தது.

கோடை முடியும்போது அவருக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். படங்களைக் கழற்றி வைக்கணும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர் ஜன்னல் முன்னால் நின்றுவிட்டார். நம் வீடுகளில் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு மாட்டுவது செத்தவர்கள் படத்தைத்தான். மாலை ஒன்றுதான் பாக்கி. எது நல்லா நிக்குது என்று கேட்டார். நானும் உற்சாகமாகப் பேப்பரைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். இது பழுப்படிச்சுடுச்சு மாமா, இது பச்சையா ஆயிடுச்சு, கடைசியில் இருக்கிறது அப்படியே இருக்கு பாருங்க என்றேன்.

அவர் கடைசிப் படத்தை விரலால் தொட்டார்.

"அப்ப இதுலயே போட்டுடுங்க மாப்ள."

அந்தக் குரலில் குத்தல் துளிகூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அவரைப் படுக்க வைத்துவிட்டு மனைவி சமையலறைக்கு வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், சும்மா டெஸ்டுக்குத்தான், அவர் முகத்தில் ஷேடு நிறைய இருந்தது, அவ்வளவுதான் என்று நானே உளறினேன்.

"உங்க அப்பாவுக்கும் நரைச்ச முடிதானே? அவர் படத்தை ஏன் வைக்கல?"

என் அப்பா வண்டலூரில் தம்பி வீட்டில் இருக்கிறார், இவரைவிட மூத்தவர். முதலில் அவர் படத்தைத்தான் கம்ப்யூட்டரில் திறந்தேன். பிரிண்ட் கொடுக்கக் கை வரவில்லை. நல்லா இருக்கிற மனுஷனைப் போய் ஏன் என்று மூடிவிட்டேன்.