மூஞ்சி தெரியறாப்புல ஒன்னு

சேலத்தில் அந்தக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து கேமராவை என் உள்ளங்கையில் வைத்தபோது அது நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. இத்தனைக்கும் ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அதன் எடை எனக்கு கிராம் கணக்கில் மனப்பாடம். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், ஒரு தரம் சார்ஜ் போட்டால் எத்தனை படம் தாங்கும், வெள்ளி நிறம் பழசானால் அழகா கறுப்பு பழசானால் அழகா என்பது வரை தெரியும். கையில் பிடித்துப் பார்த்தது மட்டும் இல்லை. சட்டைப் பையில் அடங்கிவிடுகிற பொருள். விலையோ என் ஆறு மாதச் சம்பளம். போன வாரம், அதை வாங்குவதா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவு செய்துவிடும் தீர்மானத்தோடு ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் மலை இறங்கியிருந்தேன். "நல்லாப் புடிச்சுப் பாருங்க, வாங்கறது வாங்காதது அப்புறமுங்க" என்றார் கடைக்காரர். பிடித்துப் பார்த்தேன். கண் முன்னால் வந்து நின்றது மேல்மாடி அக்காதான்.

நான் வேலை பார்க்கும் விடுதிக்கு இரண்டு மாடி. கீழ்மாடி அறைகளைக் கூட்டிப் பெருக்கி விரிப்பு மாற்றுகிற அக்கா கீழ்மாடி அக்கா, மேலே இருக்கிறவர் மேல்மாடி அக்கா. பெயர்ப் பட்டியல் என் கணினியிலேயே இருந்தும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாற்பதைத் தாண்டிய வயது. ஊர் கரடியூர். வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் சேலத்திலிருந்து வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி, வந்த முதல் வாரமே அவர் பாதி உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்: இந்தப் பெண் இங்கே நிலைக்காது, வேறு எங்கோ போகத்தான் காத்திருக்கிறது. மறு பாதியை நானே சொன்னேன். நான் போட்டோகிராபர் ஆகப்போகிறேன், அதற்கு முதலில் ஒரு கேமரா வாங்க வேண்டும்.

காலை பத்து மணிக்கு விருந்தினர்கள் கிளம்பிப் போன பிறகு, அடுத்த கூட்டம் வருகிறவரை எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் அவர் காய்ந்த விரிப்புகளை மாடி வராந்தாவில் மடிப்பார், நான் கம்பிமேல் சாய்ந்துகொண்டு போனில் கேமரா விமர்சனங்களைப் பார்த்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவருக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துத்தான் வாசித்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்விகளுக்கு அந்த விமர்சனக்காரர்களிடம்கூடப் பதில் இருந்திருக்காது. இந்தக் கேமராவில் ஜூம் கிடையாது, அது ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது என்று ஒரு நாள் புலம்பினேன். "ஜூம் இல்லாட்டிப் போவுது, கிட்டப் போயி எடு. காலு இருக்குதல்ல?" என்றார். இன்னொரு நாள், இதில் எடுத்தால் முன்னால் இருப்பது மட்டும் தெளிவாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் அழகாக மங்கிவிடும், போனில் அது சரியாக வராது என்று விளக்கினேன். மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "மங்கலாத் தெரியறதுக்கா சாமி இத்தன காசு? மார்கழில எங்கூட்டுக் கதவத் தெறந்தா சும்மாவே எல்லாம் மங்கலாத்தான் தெரியும்."

கேமரா வரும் வரை கை பழக வேண்டும் அல்லவா. அதனால் போனில் எடுத்துக்கொண்டே இருந்தேன். பழகுவதற்கு அக்காதான் ஆள். வெயிலில் விரிப்பை உதறும்போது பறக்கிற தூசியும் அவர் கையும். பனிக்குள் வாளியோடு நடந்து போகிற முதுகு. திரைச்சீலைக்குப் பின்னால் நிழலாக. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் வாளியின் வளைவில் நெளிந்து தெரிகிற உருவமாக. பங்குனியில் காப்பி பூத்து மலையே வெள்ளையாகி மணந்த அந்த இரண்டு மூன்று நாளில், ஒரு கிளையை முன்னால் வைத்து, பூவைத் தெளிவாக்கி, அக்காவைப் பின்னால் சீருடையின் ஒரு பச்சைக் கறையாக. அந்தப் படத்தை இணையத்தில் போட்டபோது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அக்காவிடம் காட்டினேன். போனை வாங்கித் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, பூ நல்லா இருக்குது என்றார்.

அவருக்கு ஒரு கோபம் உண்டு. அடையாள அட்டையில் இருக்கும் தன் படத்தின் மேல். அட்டைக்குப் படமெடுத்த கேம்ப்பில் கும்பலோடு கும்பலாக நிற்கவைத்து, நிமிர்ந்து பார்க்கும் முன்னால் எடுத்துவிட்டார்களாம். கண் பாதி செருகி, வாய் கோணி, திடுக்கிட்ட முகம். விடுதிப் பதிவேட்டுக்காக நான் கேட்டபோது அதன் நகலை என்னிடம் தரவே கூச்சப்பட்டு, கவிழ்த்து வைத்துத்தான் நீட்டினார். "ஆட்டத் திருடிட்டு மாட்டிக்கிட்டவளாட்ட இருக்கறனா?" என்று அவரே கேட்டுச் சிரித்தார். மகளின் போனில் இருந்தவையோ கன்னத்தோடு கன்னம் ஒட்டி எடுத்த செல்ஃபிகள். அதில் அம்மாவுக்குப் பாதி முகம்தான் கிடைக்கும், அந்தப் பாதியிலும் பூனைக் காதும் மீசையும் முளைத்திருக்கும். ஆகவே அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு நாளைக்கு என்னைய நேரா நிக்கவெச்சு எடு கண்ணு. மூஞ்சி தெரியறாப்புல ஒன்னு."

எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு அது பாஸ்போர்ட் போட்டோ மாதிரிப் பட்டது. ஆளை நேராக நிறுத்தி எடுப்பதற்கு நான் எதற்கு, ஸ்டூடியோவே போதுமே என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம். அதை வெளியே சொல்லவில்லை. புதுக் கேமரா வரட்டும்க்கா, முதல் படம் உங்களதுதான் என்றேன். பொய் இல்லை, அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த ஒரே வாக்கியத்தை எத்தனை முறை சொன்னேன் என்பது மட்டும் இப்போது நினைவில்லை. தீபாவளிக்கு விலை குறையும் என்றார்கள், காத்திருந்தேன். தீபாவளி போனது; புத்தாண்டில் இதைவிட நல்ல மாடல் வரும் என்றார்கள், அதற்கும் காத்திருந்தேன். வந்த மாடல் எங்கேயும் கிடைக்கவில்லை. அக்கா ஒவ்வொரு முறையும், "என்ன, டப்பா வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பதிலுக்குக் காத்திராமல் விரிப்பை மடிக்கப் போய்விடுவார்.

வைகாசியில் அவர்கள் ஊர் நோம்பி, கோயில் திருவிழா. அக்கா மூன்று நாள் லீவு. நோம்பி முடிந்த மறுநாள் மதியம், இன்னும் லீவு பாக்கி இருக்கும்போதே, விடுதி வாசலில் வந்து நின்றார். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அரக்குச் சேலை, புதுசின் மடிப்பு கலையாதது. தலை நிறைய மல்லிகை. நெற்றியில் கோயில் குங்குமம். வேலைக்கு வரும்போது சீருடைக் கோட்டும் தலையில் துணியுமாகவே பார்த்துப் பழகியவள் நான். வெயிலில் நடந்து வந்த வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, "இன்னைக்காச்சும் எடு சாமி, மக வாங்கியாந்த பொடவ" என்றார். அவள் ஹாஸ்டல் பெட்டிமேல் ஒட்டிக்கொள்ளப் படம் கேட்டிருக்கிறாளாம். இதற்காகவே கரடியூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

நான் வானத்தைப் பார்த்தேன். இன்றுவரை என்னால் மறக்க முடியாதது அதுதான், அவர் முகத்தைப் பார்க்காமல் முதலில் வானத்தைப் பார்த்தேன். உச்சி வெயில்க்கா, கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும், நல்லா வராது. அடுத்த மாசம் எப்படியும் கேமரா வாங்கிடுவேன், அப்ப இதே சேலையைக் கட்டிக்கிட்டுச் சாயங்காலமா வாங்க என்று நிபுணர் மாதிரி சொன்னேன். அவர் முகம் மாறியதா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது, நான் கவனிக்கவில்லை. "செரி விடு கண்ணு, பொடவ எங்கயும் போயராது" என்றார். சமையலறையில் டீ வாங்கிக் குடித்தார். கீழ்மாடி அக்காவிடம் சேலையைக் காட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அவர் வாசல் தாண்டும்போது நான் போனை எடுத்தேன். பின்கொண்டையில் இருந்த மல்லிகையில் மரநிழலினூடே வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். மிக நல்ல படம். மல்லிகையின் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரியும்.

அந்த அடுத்த மாசம் ஒவ்வொரு மாதமும் தள்ளிக்கொண்டே போனது. ஐப்பசி மழையில், ஒரு விடியற்காலை அக்காவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. மகள் அந்த வாரம் வீட்டில்தான் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருக்கிறார்கள். வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி, அடிவாரம் வருவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது. காரைத் திருப்பிக்கொண்டு அதே வளைவுகளில் மறுபடியும் ஏறினார்கள்.

செய்தி அதற்குள் விடுதிக்கு வந்திருந்தது. எட்டரை மணிக்கு மகள் எனக்குப் போன் செய்தாள். நான் நினைத்ததுபோல அழுகுரல் இல்லை, அவசரக் குரல். "அக்கா, பிளெக்ஸ் அடிக்கோணுங்க. எங்கம்மா போட்டோ உங்ககிட்ட நொம்ப இருக்குமல்லங்க? அந்தக் கண்ணு என்னைய ஆயிரம் போட்டோ எடுத்து வெச்சிருக்குதுன்னு அம்மா சொல்லிட்டே இருக்குமுங்க. நல்லதா ஒன்னு அனுப்புங்க" என்றாள். பிளெக்ஸ் கடைக்காரர் பக்கத்திலேயே காத்திருக்கிறார் என்றாள்.

இதோ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ரிசப்ஷன் மேசையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். முதலில் எனக்குப் பதற்றமே இல்லை. இருக்கிறதே, இவ்வளவு இருக்கிறதே என்று தள்ளிக்கொண்டே போனேன். கைகள். முதுகு. நிழல். கொலுசு போட்ட கால் படியேறுகிறது. சிரிக்கும்போது வாயைப் பொத்தின கை தெளிவாக இருக்கிறது, கைக்குப் பின்னால் முகம் கலங்கியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி தெளிவாக இருக்கிறது, துளிகளுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள். தள்ளத் தள்ள என் விரல் வேகமானது. ஒன்றரை வருடம் முழுக்க அக்கா இருந்தார், ஒரு இடத்திலும் முகம் இல்லை. எதேச்சையாக நேரே பார்த்து நின்ற ஒன்றிரண்டும் இருந்திருக்கும். சாதாரணமாக இருக்கிறது என்று அப்போதே அழித்திருப்பேன். இடத்தை அடைக்கிறதே என்று வாரா வாரம் அழிப்பது என் வழக்கம்.

தேறியவற்றில் பதினோரு படங்களை அனுப்பினேன். காப்பிப்பூவும் அதில் ஒன்று. பிறகு அவளே கூப்பிட்டாள். குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை, நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "அக்கா, இதுல அம்மா எங்கீங்க?"

கரடியூருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பிளெக்ஸைக் கட்டிவிட்டிருந்தார்கள். அடையாள அட்டையில் இருந்த அதே படம். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியதில் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, செருகிய கண்ணும் கோணிய வாயும் தூரத்திலிருந்தே தெரிந்தன. கீழே நனைந்துகொண்டு நின்ற ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இதப் பாத்திருந்தா சண்டைக்கு வந்திருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, அது அழுகையாக முடிந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பதும் இன்றைக்கு அந்தப் படம்தான்.

அதற்கப்புறம் நான் செய்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முன்னைவிட வேகமாகப் பணம் சேர்த்தேன். அந்தக் கேமரா மட்டும் கையில் இருந்திருந்தால் எடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேமரா இல்லாததால்தான் அக்காவுக்கு முகம் இல்லாமல் போயிற்று, போனை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய முடியும் என்று. இனி யாருக்கும் அப்படி ஆகவிடக் கூடாது, அதற்காகவாவது வாங்கியே ஆக வேண்டும் என்று. இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் தூக்கம் வந்தது. அந்த நினைப்போடுதான் போன வாரம் சேலத்துக்குப் போனேன்.

கடைக்காரருக்கு நான் தயங்குவது தெரிந்துவிட்டது. கேமராவை என் கையிலிருந்து வாங்கி, என்னை நோக்கித் திருப்பினார். "இதுல இருக்கற விசேஷமே இதுதானுங்க. எதுத்தாப்புல ஒரு முகம் இருந்தாப் போதும், அதுவே தேடிப் புடிச்சுக்கும். நீங்க ஒன்னுமே பண்ண வேண்டாம்" என்று சொல்லித் திரையைச் சாய்த்துக் காட்டினார். என் முகத்தைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தலையை அசைத்தேன், கட்டமும் கூடவே வந்தது.

என் போனிலும் அந்தக் கட்டம் உண்டு. ஒன்றரை வருடமும் இருந்தது. அக்காவை நோக்கிப் போனை நீட்டிய ஒவ்வொரு தடவையும் அது முதலில் போய் நின்றது அவர் முகத்தில்தான். இயந்திரம் சொல்கிறபடி எடுப்பவன் போட்டோகிராபர் இல்லை என்று எங்கோ கேட்டிருந்தேன். அதனால் ஒவ்வொரு தடவையும் விரலை வைத்து அந்தக் கட்டத்தை நகர்த்தினேன். முகத்திலிருந்து பூவுக்கு, முகத்திலிருந்து மழைத்துளிக்கு, முகத்திலிருந்து கைக்கு. நகர்த்திய விரல் இதோ இருக்கிறது. எந்தக் கேமராவை வாங்கினாலும் அதைப் பிடிக்கப்போவதும் இந்த விரல்தான்.

கடைக்காரர் அதற்குள் ஒரு படம் எடுத்துவிட்டார். திரையில் நான் நேராக நின்றிருந்தேன். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுந்து, முகம் முழுவதும் தெரிந்தது. யார் பார்த்தாலும் நான்தான் என்று சொல்வார்கள். எவ்வளவு தெளிவு பாருங்க என்றார். விலையையும் குறைத்துச் சொன்னார். நான் இத்தனை நாள் எந்த விலைக்குக் காத்திருந்தேனோ அதைவிடவும் குறைவு.

"இத எடுக்க எவ்வளவு நேரமாச்சுங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "இப்ப எடுத்ததுக்குங்களா? ஒரு செகண்டுகூட ஆவலீங்களே" என்றார்.

கரடியூரிலிருந்து புதுச்சேலை கட்டி, பஸ் ஏறி, வெயிலில் நடந்து அக்கா என்னிடம் கேட்டு வந்தது அவ்வளவுதான். படத்தை அழித்துவிடச் சொன்னேன். கேமராவை வாங்கவில்லை.