சிந்தாத தண்ணீர்

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குள் ஒரு படகு மோட்டார் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, எதிர்வீட்டு அண்ணாச்சி டூத் பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்:

“என்ன அண்ணாச்சி, கடலு இங்கன வருதுன்னு எதுவும் சேதி வந்திருக்கா?”

“நாளைக்கு வருதாம். குடத்த எல்லாம் எடுத்து வெளிய வையுங்க” என்றேன்.

கடல் இருக்கட்டும், குழாய்த் தண்ணீரே வந்தால்தான் உண்டு என்பது எங்கள் ஊர் நிலைமை. வந்த அன்று யார் வீட்டிலும் சமையல் நேரத்துக்கு நடக்காது. அப்படிப்பட்ட ஊருக்குக் கடலில் ஓடுகிற எஞ்சினை வைத்தியத்துக்கு வரவழைத்தவன் நான்.

அது என் தங்கை மாப்பிள்ளையின் மோட்டார். தங்கையைத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கொடுத்திருக்கிறோம். கொடுத்திருக்கிறோம் என்று சொல்வது ஒரு கௌரவத்துக்கு. அவளாகத்தான் போனாள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பைபர் வள்ளம், அதன் பின்புறம் மாட்டுகிற இந்தப் பழைய மோட்டார். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முதலில் பாயசம் ஊற்றிவிட்டு அப்புறம் ரசத்தையே விடுகிற பந்தி மாதிரி.

கோளாறு இதுதான். காலையில் போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வள்ளம் நகராது.

“சத்தம் இருக்கு மச்சான், ஓட்டம் இல்ல” என்றார் மாப்பிள்ளை போனில்.

ஐம்பதைத் தொட்ட எனக்கு அது எஞ்சினைப் பற்றிய புகாராக மட்டும் கேட்கவில்லை. அதனாலேயே அதிகம் விசாரிக்காமல் விட்டேனோ என்னவோ.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுத் தட்டில் போட்டுவிட்டுப் போகும். அதே காற்றுதான் கிழக்கே போய்க் கடலில் இறங்குகிறது. அங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். காலையில் போகிறவரை முதுகில் தள்ளிவிடும். மத்தியானம் வீடு திரும்புகிறவரைக் கரைக்கு வரவிடாது. அந்த நேரம் பார்த்து மோட்டாருக்குச் சக்தி இல்லை என்றால், ஆள் போய்ச் சேருகிற இடம் வீடாக இருக்காது.

ஒரு தடவை வேறொரு வள்ளத்துக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார். தங்கை போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்:

“இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா அவியள நான் அனுப்ப மாட்டேன் அண்ணே. வள்ளத்த வித்துட்டு யாரு போட்டுலயாவது கூலிக்குப் போகட்டும். எனக்கு ஆளு வேணும்.”

மாப்பிள்ளை பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அவர் இருமுவது மட்டும் கேட்டது. அவருடைய அப்பாவும் சொந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர், கூலிக்குப் போனதில்லை.

அந்த ஊர் மெக்கானிக் மோட்டாரைப் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, கழித்துப் போட்டுவிடுங்கள் என்றிருக்கிறார். வயசாகிவிட்டது என்பதற்காக ஒன்றைக் கழிப்பதில் எனக்கு இப்போதெல்லாம் உடன்பாடில்லை. “இங்கன கொண்டு வாரும் மாப்ள, பாத்துருவோம்” என்றேன். இளவயதில் எங்கள் தோட்டத்து ஆயில் எஞ்சினை நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்தப் புகழ் இன்னும் சொந்தக்காரர்களிடம் மிச்சமிருக்கிறது. கிணறு வற்றியதால் எஞ்சின் நின்றது, எஞ்சின் நின்றதற்கு நான் காரணமில்லை என்பது அந்தப் புகழின் அடித்தளம்.

பிளக்கைக் கழற்றித் தேய்த்தோம். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினோம். டேங்கின் அடியில் கிடந்த சகதியைக் கழுவினோம். மாப்பிள்ளை செய்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படித்து விளக்கவுரை சொன்னேன். எங்கள் பக்கத்து ஞானம் அவ்வளவுதான்: எஞ்சின் மக்கர் செய்தால் எண்ணெயில் அழுக்கு. எஞ்சினுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்த்ததில்லை. தோட்டத்தில் எஞ்சினுக்குக் கீழே தரைதான் இருந்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. விசிறி மாட்டிய அடிக்கால் தண்ணீரில் முங்காமல் அந்த மோட்டாரை ஓட்டக்கூடாது, சூடேறி இறுகிவிடும். வீட்டில் இருந்ததோ இரண்டு நீல டிரம். அதில் ஒன்றை என் மனைவி, கல்யாண வீட்டுக்கு நகை இரவல் கொடுப்பவள் போலக் கொடுத்தாள்.

“சிந்தாம ஓட்டணும். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. சொல்லிட்டேன்.”

துணிக்கொடி கட்டுகிற இரண்டு கல்தூண்களுக்கு நடுவே பலகையை வரிந்து கட்டி, மோட்டாரை அதில் மாட்டி, அடியில் சுற்றும் விசிறி டிரம்முக்குள் முங்கும்படி இறக்கினோம். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டில் பீய்ச்சுகிற தண்ணீருக்குக் கீழே அவள் வாளியை வைத்தாள்.

மாப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தார். பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டதும் டிரம்முக்குள் தண்ணீர் கொந்தளித்து விளிம்பைத் தாண்டியது.

“சிந்துது! அண்ணே, சிந்துது!” என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினாள் மனைவி.

அவர் பதறி முறுக்கைக் கூட்டினார். எஞ்சின் அலறியது. வேப்பமரத்துக் காக்கை முழுவதும் கிளம்பிப் போனது. ஆனால் டிரம்மில் தண்ணீர் அடங்கிவிட்டது. மேலாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

“பாத்தியளா, வேகமாப் போகையில தண்ணி அலம்பவே இல்ல. தங்கமான மோட்டாரு” என்றாள் மனைவி.

“கடல்ல இப்பிடி இருக்காதே மச்சான்” என்றார் மாப்பிள்ளை, டிரம்முக்குள் பார்த்தபடி.

“கடல் வேற, டிரம் வேற மாப்ள. ஒரு வேகத்துக்கு மேல தண்ணி சமநிலைக்கு வந்துரும்” என்றேன். எங்கும் படித்ததில்லை. கேட்கிறவர் நம்பும்போது இப்படி வாயில் வந்துவிடுகிறது.

மோட்டார் ஊருக்குப் போனது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். மற்ற வள்ளங்கள் எல்லாம் கரை ஏறிவிட்டன. அவரைக் காணோம். போன் கிடைக்கவில்லை. தேடிப்போக இரண்டு வள்ளம் கிளம்புகிறது.

நான் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். காற்று ஜன்னலை அடித்துச் சாத்தியது. இந்தத் தெருவைக் கடந்துதான் அது அவரிடம் போகிறது என்று தோன்றியதும், எழுந்து போய் ஜன்னலுக்குக் கொக்கி போட்டேன். வேறு என்னால் என்ன முடியும்?

மனைவி அதே டிரம்மிலிருந்து செம்பால் மோந்துகொண்டிருந்தாள். பாதியில் நின்றாள்.

“ஏங்க. அன்னைக்கு அம்புட்டுச் சத்தம் போட்டுச்சு, முறுக்குனதும் ஒரு சொட்டு சிந்தலன்னு சந்தோசப்பட்டோமே.”

“ஆமா.”

“தண்ணியத் தள்ளுறதுதான அதுக்கு வேல?”

இந்தத் தடவை சமநிலை என்று ஆரம்பிக்காமல், போய் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். மெதுவாகச் சுற்றும்போது கொந்தளித்த தண்ணீர், முறுக்கியதும் ஏன் அடங்கியது? எஞ்சின் சுற்றியிருக்கிறது, அதோடு சேர்ந்து விசிறி சுற்றவில்லை. கடல் செய்ததைத்தான் டிரம்மும் எங்கள் கண்ணெதிரே செய்து காட்டியிருக்கிறது. தண்ணீர் மிச்சம் என்று நாங்கள் பாராட்டியிருக்கிறோம். வேறு எந்த ஊர்க்காரனும் அதைப் பாராட்டியிருக்க மாட்டான்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆளைக் காணோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. அவரே பேசினார். குரல் கம்மிப் போயிருந்தது.

“வந்துட்டேன் மச்சான். முறுக்குனா நழுவுது. கொறைச்சு வச்சா பிடிக்கி. கொறைச்சு வச்சே ஊந்து ஊந்து வந்துட்டேன்.”

பின்னால் தங்கை அழுகையும் ஏச்சுமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். விற்றுவிடு என்ற வார்த்தை மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

விசிறியின் நடுக்குழலுக்குள், அதைச் சுற்றுகிற தண்டோடு இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் ஒன்று உண்டு. அது தேய்ந்துபோய், பாரம் ஏறியதும் வழுக்கியிருக்கிறது. எங்கள் ஊரில் லாரிக்கு ரப்பர் புஷ் அடிக்கிற பட்டறையில் புதிதாக அடித்து வாங்கினோம். இந்தத் தடவை தங்கையும் கூடவே வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றாள். நின்ற விதம், தீர்ப்புச் சொல்ல வந்தவள் என்பதைச் சொல்லியது.

கயிற்றை இழுத்தார். கியரைப் போட்டார். முறுக்கினார். தண்ணீர் எழுந்து பாதி டிரம் எங்கள் தலைமேல் வந்து விழுந்தது. என் கண்ணாடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நனைந்த முகத்தோடு என் மனைவி கத்தினாள்:

“அண்ணே, இன்னும் கொஞ்சம் முறுக்குங்க!”

தண்ணீர் வாசல் தாண்டித் தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது: “கடலு வந்துட்டு போலயே அண்ணாச்சி!”

தங்கை சேலை முந்தியைப் பிழிந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், “இனிக் கொறைச்சு வச்சு வர வேண்டாம்லா?” என்றாள். அவர் தலையாட்டினார். “அப்ப நேரத்தோட கெளம்புங்க. விடியக் கடலுக்குப் போகணும்லா.”

மறுநாள் நான் குளிக்காமல் ஆபீஸ் போனேன்.