ஆளுக்கு ரெண்டு கனெக்‌ஷன்

மூடியைக் கழற்றி வைத்த சர்வர், அதை நோக்கித் திருப்பிய டேபிள் ஃபேன், சூடேறிய தூசியின் வாசனை... பிளஸ் டூ ரிசல்ட் என்றாலே எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் அந்த ஒரு ப்ராக்ஸி சர்வர்தான் வாசல். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே கெடுத்து, நானே சரிசெய்து கற்றுக்கொண்டது.

அன்று கூட்டம் தாங்கவில்லை. பக்கம் வரவில்லை என்றதும் ஆளாளுக்கு ஐந்தாறு விண்டோ திறந்து ரெஃப்ரெஷ்ஷை அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சர்வரில் ஒரு போர்ட், அதாவது வெளியே போகும் ஒரு வழி, அடைபடும்; அடைபட்டது உடனே திறக்காது. கடைசியில் ஒருவருக்குமே எதுவும் வரவில்லை.

ஓரத்துக் கம்ப்யூட்டரில் வெள்ளிமலைக்காரர் ஒருவர் மகளோடு உட்கார்ந்திருந்தார். கை மடியிலேயே இருந்தது.

"நீங்க அழுத்தலியா?"

"நீங்க சொல்லலியே சார். பாஸானா நர்சிங் சேத்துடுவேன். இல்லன்னா கட்டிக் குடுத்துடுன்னு வூட்ல ஒரே பேச்சு. மூணு மணி பஸ்ஸ வுட்டா அஞ்சரைக்குத்தான்..."

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டே கனெக்‌ஷன் என்று சர்வரில் எழுதி, அதை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். எல்லோருடைய விண்டோவும் அறுந்தது. ஒரே கூச்சல்.

முதலாளி பாய் ஓடி வந்தார். "இன்னா சார், வந்த ஆளயெல்லாம் தொரத்திகினு இருக்கீங்க?"

"அஞ்சு விண்டோ தொறக்கறவருக்கும் ரெண்டுதான் பாய். சும்மா குந்திகினு இருக்கறவருக்கும் ரெண்டுதான்."

ஒவ்வொன்றாகப் பக்கங்கள் திறந்தன. ஓரத்துக் கம்ப்யூட்டரிலும் திறந்தது. பாஸ். அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் ஒவ்வொரு பாடமாக மார்க்கைப் படித்தேன்.

மறுநாள் அந்த லிமிட்டை எடுக்கச் சொன்னார் பாய். கஸ்டமர்கள் 'ஸ்லோ' என்கிறார்களாம். எடுக்கவில்லை. வேலையை விட்டேன். நான் போட்டது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது மார்க் போனுக்கே வந்துவிடுகிறது. பார்த்த கையோடு அடுத்த மெசேஜுக்குப் போய்விடுகிறார்கள். நல்லதுதான், யாரும் காத்திருக்க வேண்டாம்...

அன்று நான் படித்து முடித்தபோது மூன்று ஆகியிருந்தது. "பஸ் கெளம்பிடும், போங்க" என்றேன்.

அவர் அசையவில்லை.

"போனா போவுது சார். இன்னொரு வாட்டி படிங்க."