ஸ்டிக்கர் ஒட்டாத ஸ்கேன்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதினோரு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறாள். தையலில் ஒரு நூல் விலகினாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். பஸ் ஓட்டுகிறேன் என்று சொல்லிக் காதலிக்க வந்தவனிடமே லைசென்ஸைக் காட்டச் சொன்னவள். பாவம், அவனும் காட்டினான், புருஷனாக மாட்டிக்கொண்டான்.

அப்படிப்பட்டவளிடம் போய், ஆறாம் மாத ஸ்கேனில், குழந்தையின் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை என்றார்கள். ரத்தம் வெளியே போக முடியாமல் இடது அறை வீங்குகிறதாம். இப்படியே விட்டால் அந்த அறை உதவாமல் போய்விடுமாம். "உங்க வயித்து வழியா ஊசி விட்டு, குழந்தையோட இதயத்துல சின்ன பலூனை ஊதி வால்வைத் திறக்கலாம். குழந்தைக்கு ஆபத்தும் இருக்கு. ஒரு வாரத்துல முடிவு சொல்லுங்க" என்றார் ஸ்கேன் பார்த்த பெண் டாக்டர்.

அவளுக்குப் பயம் வந்தது. சந்தேகம் அதைவிட வேகமாக எழுந்தது. கோட்டுப் பொத்தான் அளவு இதயத்தில் வால்வைப் பார்த்தார்களாம், அது அடைத்திருந்ததையும் பார்த்தார்களாம்! புது மெஷினில் கைபழக என் வயிறுதான் கிடைத்ததா?

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி குறை கண்டால், ஸ்டிக்கரை உரித்துவிட்டுச் சட்டையை இன்னொருத்தியிடம் கொடுப்பார்கள். அவளும் அதே இடத்தைத் தொட்டால்தான் குறை உண்மை. பூதக்கண்ணாடியும் அதையே செய்தாள். ரிப்போர்ட்டைப் பீரோவில் துணிக்கடியில் ஒளித்துவிட்டு, புருஷனிடம்கூட மூச்சு விடாமல், வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனாள். அங்கே வால்வைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"குழந்தை நல்லாருக்கு" என்றார்கள்.

பார்த்தாயா! வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை. ஒன்பது நாள் நிம்மதியாகத் தூங்கினாள். டாக்டரிடமிருந்து வந்த போனைக்கூட எடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை, யூனிபார்மைத் தேடிய புருஷன் கையில் அந்த ரிப்போர்ட் சிக்கியது. அவள் இரண்டாவது ரிப்போர்ட்டைப் பெருமையாக நீட்டினாள்.

"மொதல்ல எவ்வளவு நேரம் பாத்தாங்க?"

"ஒரு மணி நேரம்."

"ரெண்டாவது எடத்துல?"

"பத்து நிமிஷம் இருக்கும். வெளிய ஒரே கூட்டம்ங்க."

"கொறை சொன்னவங்கள இவ்வளவு சந்தேகப்பட்டியே, நல்லாருக்குன்னு சொன்னவங்கள ஒரு கேள்வி கேட்டியா?"

அவளுக்குத் தன் மேசை நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை மாலை, ஷிப்ட் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், காலரை மட்டும் புரட்டி எத்தனை சட்டைகளைப் பாஸ் செய்திருக்கிறாள்! இரண்டாவது ரிப்போர்ட்டை அவனிடமிருந்து வாங்கி வரி வரியாகப் படித்தாள். குழந்தையின் எடை இருந்தது, நீளம் இருந்தது, துடிப்பு இருந்தது. வால்வு என்ற சொல்லே இல்லை.

தன்மேல் இவ்வளவு கோபம் அவளுக்கு என்றும் வந்ததில்லை. அரை மணி நேரத்தில் டாக்டர் முன்னால் நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் டாக்டர். இன்னும் நேரம் இருக்கா?"

டாக்டர் மறுபடி ஒரு மணி நேரம் பார்த்தார். "அறை பலவீனமாயிருக்கு. ஆனா வேலை செய்யுது. நாளைக்கே பண்ணிடலாம்."

மறுநாள் ஊசி இறங்கியபோது அவள் கண்ணை மூடவில்லை. திரையையே பார்த்தாள். பலூன் விரிந்தது, சுருங்கியது. அடைத்திருந்த வழியில் ரத்தம் பாய்ந்தது.

"திறந்துடுச்சும்மா. ஆனா முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். வாரா வாரம் பாக்கணும். பொறந்த பிறகும் வைத்தியம் வேணும்."

அப்போதுதான் அந்த டாக்டரை அவள் முழுதாக நம்பினாள். கண்ணில் நீர் முட்டியது.

"நீங்க எங்க செக்கிங் மேசையில நிக்கவேண்டியவங்க, டாக்டர்" என்றாள்.