எல்லாக் கைப்பேசிக்கும் இலை போட்டவர்

ஜெயக்கொடி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வடலூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். என் பெரிய கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்ததால், கையில் பொத்தான் வைத்த பழைய ஒன்றுதான் இருந்தது. நெய்வேலிக்கு அடுத்த பேருந்து எப்போது என்று பார்க்க நம் நகரியத் தகவல் பக்கத்தைத் திறந்தேன். படம் இல்லை, வண்ணம் இல்லை. வெள்ளையில் கறுப்பாக, முதல் வரியில் அவர் பெயர்; நான் ஊரில் இல்லாததால் எங்கள் முதலாளியே போட்டிருந்த இறப்புச் செய்தி. காலைப் பனி இன்னும் கலையவில்லை. பேருந்துகள் உருவமில்லாமல் வந்து, விளக்கை மட்டும் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. எதில் ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை.

நம் பக்கத்தைத் தினமும் பார்க்கும் உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியாது. தண்ணீர் எப்போது வரும், ஷிப்ட் பஸ் எந்த வழியாகப் போகும், எந்த பிளாக்கில் யார் இறந்தார்கள் என்பதையெல்லாம் எழுதுவது நான். அதை உங்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். பஜாரில் தையல்கடைக்கு மேலே எங்கள் அறை. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கணவர் பழனிவேல் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அந்தக் கொஞ்சத்துக்கே அக்கா என்று கூப்பிட வைத்துவிட்டார்.

அவருடைய வேலை இதுதான். நீங்கள் பக்கத்தைத் திறந்ததும் உங்கள் பிரௌசர், தான் யார் என்று எங்கள் சர்வருக்கு ஒரு வரி சொல்லும். அதைப் படித்து, இந்தக் கைப்பேசி என்னென்ன தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ற பக்கத்தைக் கொடுக்கும்படி சர்வரில் ஒரு நிரல் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் பிரௌசர்கள் தங்கள் பெயரோடு பழைய பிரௌசர்களின் பெயரையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட சித்தப்பா பெயரைக்கூட விடாமல் போடுவதுபோல என்று சிரிப்பார். சின்னக் கைப்பேசியில் வருபவர்களுக்கு வருகைப் பதிவில் 'வூட்டு ஆளு' என்று பெயர் வைத்திருந்தார். அடையாளமே தெரியாத பிரௌசர் வந்தால் 'யாரோ, வரட்டும்' என்று பதிவாகும். அலுவலகத்தில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்டால், சர்வருக்குத் தமிழ் தெரியாது, நீ சொல்லிக் கொடுக்காதே என்பார்.

ஒருமுறை அந்த ஒரு வரியை நம்பி ஏமாந்தார். புதிதாக வந்த மலிவுக் கைப்பேசி ஒன்று பெரிய பிரௌசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. நிரலும் நம்பி, கனமான பக்கத்தைக் கொடுத்தது. அதைத் திறக்க அந்தக் கைப்பேசிக்குச் சக்தியில்லை. ஷிப்ட் பஸ் வழி மாறிய நாள் அது. அந்தக் கைப்பேசியை வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, பழனிவேல்தான். சாப்பாட்டுக் கேரியரோடு பழைய நிறுத்தத்தில் நின்று, அன்றைய ஷிப்டை விட்டுவிட்டு வீடு திரும்பினார். "ஒங்க பக்கம் வெள்ளையா இருந்திச்சி, பாத்துக்கினே நின்னேன்" என்றாராம். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அதன்பிறகு முழுவதையும் மாற்றி எழுதினார். யார் முதன்முதலாக வந்தாலும் எழுத்து மட்டும் உள்ள பக்கம் போகும். அதன் அடியில் ஒரு சின்னச் சோதனை. பிரௌசர் அதைச் செய்து காட்டினால்தான் படமும் வண்ணமும். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் வடலூர் தருமசாலையில் சாப்பிட்டுவிட்டு வந்த நாளில் இந்த யோசனை வந்ததாகச் சொன்னார். "அங்க யாரு என்னான்னா கேக்கறாங்க? மொதல்ல எலயப் போட்டுடறாங்க. நாமளும் அதத்தான் செய்யணும்."

தைப்பூசத்தன்று அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. வடலூரில் ஜோதி பார்க்க வருகிற கூட்டமெல்லாம் பேருந்து நேரம் தேடி எங்கள் பக்கத்துக்கு வரும். பிரௌசர்களின் பெயர்கள் திரையில் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரே தன் வாசலில் பெயர் சொல்லிவிட்டுப் போவதுபோல இருக்கிறது என்பார். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் சுரங்க இயந்திரத்தின் முனகல் கேட்கும். நானும் வேலையை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். எதைப் பார்த்தோம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

எழுத்து மட்டும் உள்ள அந்த வெற்றுப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் முதலாளி பாஸ்கர் அண்ணனின் கட்சி. அதில் விளம்பரப் படம் தெரியாது. எந்தக் கடைக்காரர் அதற்குச் சம்மதிப்பார்? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போன என்னிடம் உடம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "நான் வந்து அண்ணங்கிட்ட பேசிக்கறேன். அதுவரிக்கும் நீ அதுல கை வக்காத." நான் வைக்கவில்லை. அவரும் வரவில்லை.

வடக்குத்து வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது, முதல் ஷிப்ட் முடிந்து பழனிவேலின் கூட்டாளிகள் உடுப்பு மாற்றாமல் நேராக வந்தார்கள். அந்தத் தெருவே நிறைந்தது. தான் போட்ட ஒரு வரி அத்தனை பேருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பாஸ்கர் அண்ணன் ஒருவரிடம் மெல்லக் கேட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அன்று சாயங்காலம் நானும் அண்ணனும் அறைக்குப் போய் வருகைப் பதிவைத் திறந்தோம். காலையிலிருந்து வூட்டு ஆளு, வூட்டு ஆளு என்று வரிசையாக ஓடியிருந்தது. அண்ணன் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பக்கம் இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

காரியம் முடிந்து பழனிவேல் எங்கள் அறைக்கு வந்தார். அக்கா சோதனைக்காக வைத்திருந்த நீலநிறக் கைப்பேசியை மேசையில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டுங்க. வூட்ல அடிச்சிக்கினே இருக்குது. அவ இல்ல, அவ இல்லன்னு நானும் சொல்லிக்கினே இருக்கறேன்."

எனக்கென்று மிஞ்சியது அந்தக் கைப்பேசிதான். எதை எழுதினாலும் முதலில் அதில் திறந்து பார்க்கிறேன். காலையில் பொத்தானை அழுத்தியதும் எதிரே கணினித் திரையில், வருகைப் பதிவில் 'வூட்டு ஆளு' என்று ஒரு வரி வருகிறது. அழுத்தியது நான்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அன்றைய தண்ணீர் நேரத்தை எழுதத் தொடங்குகிறேன்.