தாராவியில் ஒரு வெள்ளி விழா

வெள்ளி விழாவை எளிமையாகக் கொண்டாடும்படி தலைமையகத்திலிருந்து மெயில் வந்தபோது, நான் செம்பூர் ஆபீசில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எங்களுடையது குழந்தைகளுக்காகப் பல நாடுகளில் வேலை செய்யும் அமைப்பு. பெயர்தான் பெரிது. மும்பைக் கிளை என்பது செம்பூரில் ஒரு மாடியில் நாலைந்து மேஜைகள், தாராவியில் ஒரு குழந்தைகள் காப்பகம், அவ்வளவுதான். காப்பகம் என்று நாங்கள் ரிப்போர்ட்டில் எழுதுவோம். தாராவியில் அதற்குப் பெயர் சென்டர். தோல் பட்டறைக்கும் தையல் பட்டறைக்கும் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

'எளிமையாக, ஆனால் மனதில் நிற்கும்படி' என்றது மெயில். மனதில் எப்படி நிற்க வேண்டும் என்பது பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். பணத்தைப் பற்றி ஒரே வரி, அதுவும் இருப்பதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று. வெளிநாட்டிலிருந்து விருந்தினராக வரப்போகும் பெரிய அதிகாரியின் விமானமும் ஹோட்டலும் வேறு கணக்கில் வருமாம், அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட வேண்டாமாம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆபீசில் எனக்கு முன்கோபி என்று பெயர் உண்டு. ஆனால் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், பேரம் பேசத் தெரிந்தவள் என்றும் ஒரு பெயர் இருந்ததால் விழா முழுவதும் என் தலையில் விழுந்தது.

சர்ச் ஹாலை இலவசமாகக் கொடுத்தார்கள், நாங்களே பெருக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாற்காலிகளுக்கு, பிள்ளையார் விழா நடத்தும் கணபதி மண்டல்காரர்களிடம் என் அரைகுறை மராத்தியில் கெஞ்சினேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்காரியோ, கல்யாண சீசனில் வந்து இந்த விலைக்குக் கேட்கிறாயே என்று என்னை நாலு பேர் பார்க்கத் திட்டினாள். மொழிபெயர்ப்பாளருக்குப் பணமில்லை, எனவே மேடையில் நானே மொழிபெயர்ப்பது என்று முடிவாயிற்று. சாப்பாட்டுக்கு டீயும் பிஸ்கட்டும் என்று மெயிலிலேயே எழுதியிருந்தார்கள்.

அதைக் கேட்டு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. சென்டரை நடத்துகிறவளைத் தாராவியில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது தாராவியில். கணவர் இல்லை. மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சென்டரில் வரும் சம்பளம்தான் அந்த வீட்டுக்கு எல்லாம்.

"விழான்னு கூப்புட்டுட்டு பிஸ்கட்டக் குடுத்து அனுப்புனா நாளைக்கு எங்களத்தான் ஏசுவாவ மேடம். சோத்த நாங்க பாத்துக்கிடுதோம்," என்றாள். அம்மாக்கள் ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டு தக்காளிச் சோறு பொங்குவதென்று அவர்களே தீர்மானித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஒரு செலவு மிச்சம் என்று நிம்மதியாகவும் இருந்தது.

தமிழில் ஒரு பிளெக்ஸ் போர்டு வைக்கும் வேலையை ஆபீசில் இருந்த இளம் பெண்ணிடம் விட்டேன். செம்பூரில் பிறந்த தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். கெட்டிக்காரிதான். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போர்டு தயாராகிவிட்டது என்றும், அதிகாலையிலேயே சந்து முனையில் கட்டச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். மறுநாள் காலை நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரம் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், யாரு செத்துப்போனாவ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். பச்சைக் கரை போட்ட பெரிய போர்டு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. நடுவில், இறந்தவர் படம் இருக்க வேண்டிய வட்டத்தில், எங்கள் அமைப்பின் சின்னம். மேலே கொட்டை எழுத்தில் 'இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு அஞ்சலி'.

அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு நான் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "மேம், ஆண்டுன்னா இயர்தானே? தாராவியில எந்த போர்டு பார்த்தாலும் அப்படித்தானே மேம் எழுதிருக்கு? ஒண்ணை போட்டோ எடுத்து பிரிண்டர் பையாகிட்ட குடுத்து, நம்பர மட்டும் மாத்து, பதல் கரோன்னு சொன்னேன்," என்றாள் அழாக்குறையாக. அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் ஊர்ச் சந்துகளில் ஆண்டு என்ற சொல் பெரிய எழுத்தில் வருவது செத்தவர்களுக்குத்தான். அச்சடித்த வடநாட்டுப் பையாவுக்கோ தமிழே தெரியாது. தமிழ் தெரிந்த ஒரு ஆளுக்குப் பணம் கொடுத்து ஒரு தரம் பார்க்கச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

நான் போய்ச் சேருவதற்குள் டீச்சரே ஸ்டூல் போட்டு ஏறி போர்டை அவிழ்த்துவிட்டாள். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தாயிற்று. முதலில் சிரித்தவர்கள் மத்தியானத்துக்குள் வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். சென்டரை மூடப் போகிறார்கள், அதைத்தான் ஜாடையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு அம்மா தன் பிள்ளையை மாமியாரிடம் ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று என்னிடமே கேட்டாள்.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருக்கிறார்கள், இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

"எனக்குப் போவப் பிரியம் இல்ல மேடம். இந்தப் பிள்ளைகள விட்டுட்டு எங்கன போவ? ஆனா ஒரு வார்த்த உண்மையச் சொல்லிருங்க. மூடுதாவளா?"

அங்கே நின்றபடியே டெல்லியில் இருந்த என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். மூடப்போகிற இடத்துக்கு யாராவது விழா எடுப்பார்களா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. அதையே டீச்சரிடம் சொன்னேன்.

"மூடப்போற எடத்துக்கு யாராவது இவ்வளவு பாடுபடுவாளா டீச்சர்? அது வெறும் எழுத்துப் பிழை. நான் சொல்றேன், பயப்படாதீங்கோ."

"நீங்க சொன்னாச் சரி மேடம்," என்றாள். அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

விழாவன்று ஹால் நிறைந்துவிட்டது. அம்மாக்கள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு நல்ல சேலையில் வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஆடினார்கள், ஒன்று பாதியில் அழுதது, எல்லோரும் கைதட்டினார்கள். தக்காளிச் சோற்று வாசனை உள்ளே வரைக்கும் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டு அதிகாரி பேச எழுந்தார். நல்ல மனிதர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் தொட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார். இரண்டு வாக்கியம் அவர் பேசுவார், நான் தமிழில் சொல்வேன். கைதட்டுவார்கள். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது குரலைக் கொஞ்சம் உயர்த்தி, சிரித்த முகத்தோடு அவர் சொன்னார்: இந்த நல்ல நாளில் ஒரு பெருமையான அறிவிப்பு, அடுத்த ஏப்ரல் முதல் சென்டர் உங்கள் சமூகத்திடமே ஹேண்ட் ஓவர் செய்யப்படுகிறது. சொல்லிவிட்டு அவரே கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து, ஒன்றும் புரியாமலேயே, ஹால் முழுவதும் தட்டியது. டீச்சரும் தட்டினாள்.

நான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். வாடகை? டீச்சர் சம்பளம்? அவர் பரிவோடு என் பக்கம் குனிந்து, இல்லை, நிதி நின்றுவிடும், டிரான்சிஷன் என்பது அதுதானே என்றார். விழாவுக்கு வந்திருந்த என் டெல்லி மேலதிகாரி முதல் வரிசையில் உட்கார்ந்து செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கை அவர் மேல் எறிந்திருப்பேன்.

கூட்டம் எனக்காகக் காத்திருந்தது. ஒப்படைக்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அகராதிப்படி அது சரியான சொல். என் வாயில் அது வரவில்லை.

"ஏப்ரல் மாசத்துலேர்ந்து சென்டருக்கு ஆபீஸ் பணம் தராதாம். வாடகையும் தராது, சம்பளமும் தராது. உங்ககிட்டயே ஒப்படைக்கறாளாம்," என்றேன்.

கைதட்டல் நின்றுபோன பிறகும் பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அதன் அம்மா அதன் கையைப் பிடித்து நிறுத்தினாள். டீச்சர் எழுந்து நின்றாள். கத்தவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"எங்ககிட்ட என்னத்த சார் ஒப்படைக்கிய? பிள்ளைகள் எங்க பிள்ளைகள்தான? அது எப்பவும் எங்ககிட்டதான இருக்கு?"

என்ன சொல்கிறார் என்று அவர் ஆவலாகக் கேட்டார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அற்புதம், இதைத்தான் நாங்கள் இத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டோம் என்று சொல்லி, டீச்சரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். போட்டோக்காரனைக் கூப்பிட்டு அவளைப் படம் எடுக்கச் சொன்னார்.

ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதாரு மேடம்?"

"நீங்க பேசினது ரொம்பப் பிடிச்சுதாம்," என்றேன்.

அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப மூடலையா மேடம்?"